கை ஓயலாம், கருத்து ஓயலாமா?

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். நம் மாணவர் வாழ்வைத் தொடும் எப்பொருளும் தமிழுக்கு அயற்பொருள் ஆகாது என்பதே நம் விடை. விடுமுறை தொடங்கும் மாலையில் கல்லூரி வாயிலில் நின்று பார்ப்போர்க்கு இது நன்கு விளங்கும். பேருந்துக்குக் காத்திருந்த தலைமுறை மறைந்து, முந்நூறு கிலோமீட்டரையும் இருசக்கர வண்டியிலேயே கடந்து வீடு சேரும் தலைமுறை வந்துவிட்டது.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தம் வண்டியின் வலக்கைப் பிடியில் பொருத்தியிருந்த சிறு கருவி ஒன்றை நமக்குக் காட்டினார். 'திராட்டில் லாக்' என்பது அதன் பெயர். "ஐயா, இதை மாட்டிய பிறகு சென்னையிலிருந்து திருச்சி வரை வந்தும் கை வலிக்கவில்லை" என்றார். அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

கைவலி பொய்யன்று. நாமும் இளமையில் நெடுந்தொலைவு வண்டி ஓட்டியவரே. விழுப்புரம் தாண்டுமுன் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும்; உளுந்தூர்ப்பேட்டையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கவும் விரல் மறுக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே மணிக்கணக்கில் வைத்திருப்பதாலும், எந்திரத்தின் அதிர்வு உள்ளங்கை வழியே ஏறுவதாலும், அங்குள்ள நரம்பு அழுந்துவதாலும் வரும் துன்பம் அது. அதனைப் போக்க வழி தேடுவோரைச் சோம்பேறிகள் என்று பழிப்பது முறையாகாது.

ஆயினும் அக்கருவி செய்யும் வேலை யாது என்பதை அறிந்தே அதனை எடைபோட வேண்டும். ஆக்ஸிலேட்டரின் பிடியை விட்டால் அது தானே பின்னோக்கித் திரும்புமாறு உள்ளே சுருள்வில் ஒன்று அமைந்துள்ளது. கை நழுவினாலும், ஓட்டுபவர் விழுந்தாலும், எந்திரத்தின் வேகம் உடனே தணிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். பழங்கால ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. முறுக்கிய இடத்திலேயே பிடி நிற்கும். பின்னர் அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு நெறிகளுள் 123 ஆம் எண்ணுடையது, கையை விட்டதும் பிடி தானே மூடிக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. வண்டி ஓட்டுபவரின் கை இசையும் வரையில்தான் வண்டி விரைய வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள். திராட்டில் லாக் அந்தச் சுருள்வில்லை எதிர்த்து நின்று, பிடியைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது.

அதனை வேகத்தைக் காக்கும் கருவி என்று பலர் மயங்குகின்றனர். உயர்ந்த விலையுள்ள வண்டிகளில் உள்ள 'குரூஸ் கன்ட்ரோல்' என்பது வேகத்தை அளந்து, ஏற்றத்தில் முடுக்கியும் இறக்கத்தில் தணித்தும், குறித்த வேகத்தைக் காப்பது. பிரேக்கைத் தொட்டதும் தானே விலகிக்கொள்வது. திராட்டில் லாக்கிற்கு அத்தகைய அறிவு இல்லை. பிடி எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது காக்கும். ஆதலால் மேட்டில் வண்டி தளரும். சரிவில் ஓட்டுபவர் விரும்பாமலே விரையும். மேலும், மலிவான சில கருவிகள் முன்சக்கரப் பிரேக் பிடியின்மேல் சாய்ந்தே நிற்கின்றன. முறுக்கும் கையே பிரேக்கையும் பிடிக்கும் கை. கடுகி நிறுத்தும்போது வண்டியைத் தடுக்கும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்திற்கே உரியது. அதற்கு இடையூறாக ஒன்றைப் பொருத்துவது அறிவுடைமையோ?

ஆள் அரவமற்ற நேர்ச்சாலையில் நூறு கல் செல்லும் அயல்நாட்டார்க்கு இக்கருவி துணையாகலாம். நம் நான்கு வழிச் சாலையோ வேறுவகை. நடுத்திட்டின் இடைவெளியில் டிராக்டர் திரும்பும். எதிர்த்திசையில் மொபெட் வரும். ஒரு மந்தை ஆடு சாலையைத் தன் மேய்ச்சல் நிலமாகவே கருதும். அறுவடைக் காலத்தில் தானியம் உலரும். இத்தகைய சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. தொடைமேல் ஓய்வாக வைத்த கை பிடிக்குத் திரும்ப ஒரு நொடி தாழ்த்தால், இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய தொலைவு கைநழுவிப் போகிறது. 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றோர். அவ்வெண்ணுக்குப் பின்னால், வாயிற்படியில் விழித்திருந்த அன்னையர் எத்தனை பேர்!

அங்ஙனமாயின் கருவியை அறவே விலக்க வேண்டுமா? பெரியோர் சிலர் அவ்வாறே கூறுவர். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. விலக்கிய பொருளை மறைவில் பயன்படுத்துவது இளமையின் இயல்பு. விளக்கிச் சொன்னதை ஏற்பதும் அவ்விளமையின் இயல்பே. பயன்படுத்துவோர் கையாலேயே மீறித் திருப்பக்கூடிய, பிரேக் பிடியைத் தொடாத கருவியையே கொள்க. ஆள் நடமாட்டமற்ற நேர்ச்சாலையில், விரல்களை மடக்கி நீட்டும் சில நொடிகளுக்கு மட்டும் பயன்படுத்துக. மழையிலும், இரவிலும், ஊர் எல்லையிலும், பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும்போதும் அதனைத் தொடாதிருப்பதே நலம். பிடியைப் பூட்டாமல் உள்ளங்கை அழுத்தத்தாலேயே முறுக்க உதவும் சிறு தாங்கியும் கடையில் கிடைக்கிறது. அது இதனினும் ஏற்றது. இவை எல்லாவற்றினும் சிறந்த மருந்து ஒன்று உண்டு. ஒரு மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, பத்து நிமிடம் நடப்பதே அது. அம்மருந்துக்கு விலை இல்லை. வீடு சேரும் நேரம் சற்றே தாழும், அவ்வளவே.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொச்சாப்பு என்பது மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதி. அரசனுக்கு உரைத்த அவ்வறம் இன்று சாலையில் செல்லும் இளைஞர்க்கும் பொருந்தக் காண்கிறோம். கை வலிக்கும்போது நாம் விழிப்போடு இருக்கிறோம். வலி நீங்கிக் காற்று முகத்தில் தவழும்போதுதான் மறதி வருகிறது. வலி ஓர் எச்சரிக்கை. "போதும், சற்று நில்" என்று உடல் உரைக்கும் சொல் அது. அச்சொல்லை ஒரு பூட்டினால் அடைத்துவிட்டு மேலும் விரைவது நோயை மறைத்து மருந்துண்டதாக மகிழ்வதை ஒக்கும்.

அந்த மாணவரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் கருவியைக் கழற்றிவிடவில்லை. ஆனால் அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பியபோது, "ஐயா, இம்முறை நான்கு இடங்களில் நின்று வந்தேன்" என்றார். நமக்கு அது போதும். கை ஓயலாம், கருத்து ஓயலாகாது. நம் பிள்ளைகள் அரை மணி தாழ்ந்து வரினும் வாழ்க, வந்து சேர்க.