கோடரியைப் பின்புறத்திலிருந்து பார்த்தல்

மீட்புப் பணிக்கும், காட்டில் உயிர்பிழைத்தலுக்கும், தடையுடைத்து நுழைதலுக்கும் ஒரே கருவி போதும் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் பல்பயன் கோடரிகள், 'டாக்டிகல்' என்ற அடைமொழியோடு இன்று எளிதில் கிடைக்கின்றன. தடையுடைத்து நுழைதல் என்பது, பூட்டப்பட்டோ இடிபாட்டால் அடைபட்டோ கிடக்கும் வழியை, உள்ளே சிக்கியவரை அடையும்பொருட்டு விசையால் திறப்பதைக் குறிக்கும். வாங்குவோர் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது வெட்டுவாயை. விளம்பரப் படங்கள் பளபளக்கக் காட்டுவதும் அதையே. ஆயினும், ஒரு கோடரி எந்தப் பணிக்கு உரியது என்பதை வெட்டுவாயைவிடத் தெளிவாகச் சொல்வன, அதற்கு எதிர்ப்புறமாகிய பிடரியும், காம்பு நுழையும் துளையாகிய கண்ணும், காம்புமே ஆகும். தேர்வு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து.

புழக்கத்திலுள்ள மீட்புக் கோடரிகளின் மூன்று மரபுகளை அருகருகே வைத்து நோக்கினால் இது புலப்படும். முதலாவது காட்டுத்தீ மரபு. 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காட்டை எரித்த பெருந்தீயின்போது, எட் புலாஸ்கி என்னும் வனச்சரக அலுவலர் தம் குழுவினரைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் நடத்திச்சென்று அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைக் காத்தார். அதன் பின்னர் அவர் செப்பம்செய்து பரப்பிய கருவி, ஒருபுறம் கோடரியும், மறுபுறம் தச்சரின் வாய்ச்சியைப் போலக் குறுக்காக அமைந்த கொத்தலகும் கொண்டது. தீ பரவாமல் தடுக்கும் வெற்றுநிலப் பட்டையை அமைப்பவர், வேரை வெட்ட ஒன்றும் மண்ணைக் கொத்த ஒன்றுமாக இரண்டு கருவிகளைச் சுமக்க வேண்டியிருந்த நிலைக்கு அது விடையாக அமைந்தது.

இரண்டாவது நகரத் தீயணைப்பு மரபு. இதில் பிடரி இரு வடிவங்களில் காணப்படும். கூர்முனைப் பிடரி, பலகைத் தரையையும் கூரையையும் குத்தித் துளைத்து விரலிடை அளவுக்கு வழி செய்யும். தட்டைப் பிடரி, சம்மட்டியின் பணியைச் செய்யும். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் ஹியூ ஹாலிகன் 1948-இல் வடிவமைத்த நெம்புகோல், ஒரு முனையில் பிளந்த கவையும் மறுமுனையில் வாய்ச்சி அலகும் கூர்முளையும் கொண்டதாகும். அது பரவியபின் தட்டைப் பிடரிக் கோடரி அதன் பிரியாத் துணையாயிற்று. கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒருவர் கவையைப் பொருத்திப் பிடிக்க, மற்றவர் கோடரியின் பிடரியால் அதை அடித்து உள்ளிறக்குவார். பின்னர் நெம்புகோல் கதவைத் திறக்கும். அப்பணி முழுவதிலும் கோடரியின் வெட்டுவாய்க்கு வேலையே இல்லை.

மூன்றாவது படைவீரர் மரபு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவில் பணியாற்றிய பீட்டர் லகானா, 1966 முதல் வியட்நாமுக்குச் செல்லும் வீரர்களுக்கென விற்ற சிறு கைக்கோடரி, குறுகிய மரக்காம்பும் பின்புறம் நீண்ட கூர்முளையும் கொண்ட இலேசான கருவியாகும். அவ்வடிவம் ஆப்கானிஸ்தான், இராக் போர்க்காலத்தில் மறுவாழ்வு பெற்றது. இன்று கடைகளில் காணப்படும் பல்பயன் கோடரிகளுள் பெரும்பாலானவை இம்மூன்றாம் மரபின் வழித்தோன்றல்களே. மூன்று மரபுகளிலும் வெட்டுவாய் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்க, பின்புறமோ மண், கதவு, நடக்கும் மனிதன் சுமக்கக்கூடிய எடை ஆகிய வெவ்வேறு தேவைகளுக்கு ஏற்ப வெவ்வேறாக உருப்பெற்றிருக்கிறது.

இம்மூன்றாம் மரபின் கருவியை இரண்டாம் மரபின் பணிக்குப் பயன்படுத்துவதிலுள்ள இடர்ப்பாட்டை எளிய கணக்கொன்று காட்டும். அடியின் ஆற்றல், தலையின் நிறையைப் பொறுத்து நேர்விகிதத்திலும், வேகத்தைப் பொறுத்து இருமடி விகிதத்திலும் உயர்கிறது. தீயணைப்பாளரின் தட்டைப் பிடரிக் கோடரி பொதுவாக 2.7 கிலோ எடையுள்ள தலையும் 80 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட காம்பும் உடையது. 900 கிராம் தலையும் 40 செ.மீ. காம்பும் உடைய ஒரு கைக்கோடரியை அதனோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே சுழல்வேகத்தில் வீசப்படுவதாகக் கொண்டால், நிறை மூன்றில் ஒரு பங்காகவும் வேகம் பாதியாகவும் குறைவதால் அடியின் ஆற்றல் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இலேசான கருவியைக் கை விரைவாக வீசும் என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் குறையலாம். எனினும் சில அடிகளில் நிலையிலிருந்து பெயரும் கதவு, சிறு கோடரிக்குப் பல நிமிட வேலையாகிவிடும் என்பதில் ஐயமில்லை. மறுபுறம், குறுகிய நடைவழியிலும் கவிழ்ந்த வாகனத்துக்குள்ளும் நீண்ட காம்பை வீச இடமிராது என்பதால், சிறு கோடரி தன் இடத்தை அங்கே பெறுகிறது. ஆகவே, கருவியின் அளவைத் தீர்மானிப்பதில் தடையின் வலிமையோடு, அதற்கு முன்னால் நிற்க உள்ள இடமும் கணக்கில் சேர வேண்டும்.

அடித்தலைவிட நெம்புதலே கோடரிகளைப் பெரிதும் உடைக்கிறது. நெம்பும்போது விசை முழுவதும் தலைக்கும் காம்புக்கும் இடைப்பட்ட கண்ணில் குவிகிறது. மரக்காம்பு அதிர்வைத் தாங்கி, கைக்கு இதமாக அமையுமாயினும், பக்கவாட்டு நெம்பலில் கண்ணையொட்டி முறிந்துவிடும். இழைக்கண்ணாடிக் காம்பு இதில் சற்று மேலானது. தலையும் காம்பின் உள்ளுடலும் ஒரே எஃகுப் பாளத்தில் வெட்டப்பட்டு, இருபுறமும் கைப்பிடித் தகடுகள் பொருத்தப்பட்ட ஓருடல் அமைப்பு நெம்பலை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் அடியின் அதிர்வு முழுவதையும் மணிக்கட்டுக்குக் கடத்தும். நீண்ட நேரம் மரம் வெட்ட மரக்காம்பும், கதவை நெம்ப ஓருடல் எஃகும் பொருந்துகின்றன. தமிழகத்தில் வேலமரமும் வெக்காலியும் கருவிக்காம்புகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது, அதிர்வைத் தாங்கும் மரத்தின் இயல்பை இங்குள்ள கொல்லரும் தச்சரும் அறிந்திருந்ததையே காட்டுகிறது.

எஃகைப் பொறுத்தவரை, கடினத்தன்மையும் தாங்குதிறனும் ஒன்றல்ல என்பது முதற்பாடம். கடினத்தன்மை என்பது கீறலையும் அமுங்குதலையும் எதிர்க்கும் பண்பு. தாங்குதிறன் என்பது திடீர் அடியில் விரிசல் விடாமல் நிற்கும் பண்பு. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று பெரும்பாலும் தாழும். கத்திகள் ராக்வெல் 'சி' அளவுகோலில் 60-ஐ ஒட்டிய கடினத்தன்மைக்குப் பதப்படுத்தப்படுகையில், கோடரிகள் பொதுவாக 50 முதல் 56 வரை நிறுத்தப்படுவது இதனால்தான். 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமம் கொண்ட எளிய கரிம எஃகும், 4140 என்னும் குரோமியம்-மாலிப்டினம் எஃகும், அதிர்ச்சியைத் தாங்கவே உருவாக்கப்பட்ட எஸ்7 என்னும் கருவி எஃகும் இப்பணிக்கு ஏற்றவை. மிகுந்த கரிமமும் ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியமும் கொண்ட டி2 எஃகு, தேய்மானத்தை எதிர்ப்பதில் சிறந்ததாயினும், கல்லிலும் இரும்பிலும் மோதும் கோடரியின் வாயில் சில்லு பெயரக்கூடியது. விளம்பரத்தில் அது உயர்ந்த எஃகாகக் காட்டப்படுவதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து அரிவாளும் கோடரியும் அடிக்கும் உள்ளூர்க் கொல்லர், வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போட்டு உடலை மென்மையாக விடுவது இதே அறிவின் வெளிப்பாடு.

பிடரியின் பதமும் கேட்டறிய வேண்டிய ஒன்று. மரம் வெட்டும் கோடரிகள் பலவற்றில் பிடரி பதப்படுத்தப்படாமல் மென்மையாக விடப்பட்டிருக்கும். அதைச் சம்மட்டியாகப் பயன்படுத்தினால் பிடரி பரந்து, கண் விரிந்து, தலை காம்பிலிருந்து கழன்று பறக்க நேரிடும். மாறாக, வாயளவுக்கே கடினமாக்கப்பட்ட பிடரியை மற்றொரு கடின எஃகின்மேல் அடித்தால் எஃகுச் சில்லு தெறித்து அடிப்பவரின் விழியைத் தாக்கும். ஆகவே, பிடரியால் அடிக்கலாம் என்று உற்பத்தியாளர் எழுத்தில் உறுதியளித்திருக்கிறாரா என்பது விலையைக் கேட்பதற்கு முன் கேட்கத்தக்க வினா.

பல்பயன் கோடரியைப் பற்றிய பேச்சில் மிகுதியும் விடுபட்டுப்போவது மின்சாரம். நெம்பலைத் தாங்கும் ஓருடல் எஃகுக் காம்பே மின்சாரத்தை நேராகக் கைக்குக் கொண்டுவரும் கடத்தியும் ஆகும். மெல்லிய கைப்பிடித் தகடும் அதன்மேல் சுற்றிய கயிறும் மின்காப்பு ஆகமாட்டா. தீயணைப்பாளர் கோடரிக்கான ஐ.எஸ். 926 என்னும் இந்தியத் தர வரையறைப்படி இங்கே வாங்கப்படும் கோடரிகள் ரப்பர் காப்பிட்ட கைப்பிடியோடு வருவதன் பொருள் இங்கே விளங்கும். அக்காப்பும்கூட எதிர்பாராத் தொடுகைக்கான பாதுகாப்பே தவிர, மின்னோட்டமுள்ள கம்பியை வெட்டுவதற்கான உரிமம் ஆகாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையிலும் மரங்களை மின்கம்பிகளோடு சேர்த்துச் சாய்த்ததை நினைவுகூர்வோர், மின்தொடர்பு துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்யாமல் எந்தக் கோடரியையும் ஓங்கக்கூடாது என்பதை உணர்வர். எரிவளிக் கசிவுள்ள இடத்தில் எஃகின்மேல் எஃகு மோதும் பொறியே தீயை மூட்டப் போதுமாதலால், அங்கே பொறி எழுப்பாத செம்புக் கலவைக் கருவிகளே உரியவை.

கோடரியின் வடிவம் அது எதிர்கொண்ட தடையால் உருவானதெனில், இங்குள்ள தடைகள் எவை என்ற வினா எழுகிறது. அமெரிக்கத் தீயணைப்புக் கருவிகள், மரச்சட்டகத்தால் ஆன வீடுகளையும் உள்நோக்கித் திறக்கும் கதவுகளையும் எதிர்கொண்டு வளர்ந்தவை. தமிழக நகரங்களில் மீட்புப் பணியாளர் எதிர்கொள்வன, செங்கல் சுவரில் புதைத்த இரும்புச் சன்னல் கம்பிகள், மடிப்பு இரும்புக் கதவுகள், கடைகளின் உருட்டு ஷட்டர்கள், தொங்கு பூட்டுகள் ஆகியன. இவற்றுள் பலவற்றில் கோடரியின் வாய்க்கு வேலையில்லை. பிடரியின் அடி தாழ்ப்பாளின் கொண்டியைப் பெயர்க்கலாம்; கம்பிக்கு வெட்டும் இயந்திரமும், சுவருக்குக் கடப்பாரையும் சம்மட்டியும் தேவை. ஆனால் குளிரூட்டப்பட்ட பேருந்தின் மூடிய சன்னல்களில், பலருக்கும் தேவையற்றதாகத் தோன்றும் கூர்முளை தன் பயனைக் காட்டுகிறது. பக்கச் சன்னல்களில் பொதுவாகப் பொருத்தப்படும் பதப்படுத்திய கண்ணாடி, பரந்த பரப்பில் விழும் அடியைத் தாங்கினாலும், மூலையையொட்டிக் குவிந்து விழும் கூர்முனையின் அடியில் முழுவதுமாக நொறுங்கிவிடும். 2013 அக்டோபர் 30 அன்று மகபூப்நகர் மாவட்டத்துப் பாலெம் அருகே தீப்பற்றிய பேருந்தில் 45 பேர் மாண்டதை எண்ணுங்கால், ஒரு கூர்முளையின் மதிப்பு எடையால் அளக்கக்கூடியதன்று என்பது தெரியவரும்.

கோடரியால் இயலாததை அறிந்திருப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைப் பிணைத்த குற்றத்தை எந்தக் கருவியும் ஈடுசெய்ய முடியாது. எனினும் கருவியைத் தேர்வோருக்கு அந்நிகழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு: பதப்படுத்திய சங்கிலியைக் கோடரி வெட்டாது, அதற்கு நீண்ட கைப்பிடிகளைக் கொண்ட சங்கிலிவெட்டிக் கத்தரி வேண்டும். ஒரே கருவி எல்லாவற்றுக்கும் போதும் என்ற உறுதிமொழி, இரண்டாவது கருவியை வண்டியில் ஏற்றாமல் விட்டுச்செல்லத் தூண்டுமாயின், அது பயனுக்கு மாறாகத் தீங்கையே விளைவிக்கும்.

இவற்றின் அடிப்படையில், வாங்குமுன் பின்பற்றத்தக்க ஒரு வரிசையை இவ்வுரை பரிந்துரைக்கிறது. முதலில் பணியாற்றும் பகுதியில் மிகுதியாக எதிர்ப்படும் தடைகளைப் பட்டியலிட்டு, கோடரி தவறவே கூடாத ஒரு பணியை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். மற்றவை அதன்பின் வரும் சலுகைகளே. அடுத்து அப்பணிக்குரிய பிடரியையும், பிடரிக்குப் பொருந்தும் காம்பையும், அதன் பின்னரே எஃகையும் பார்க்க வேண்டும். மாதிரிக் கருவி ஒன்றை, கனத்த பணிக்கையுறையும் கண்காப்பும் அணிந்து, கழித்துப்போட்ட கதவிலும் நிலையிலும் அடித்தும் நெம்பியும் சோதித்துவிட்டு, கண்ணைச் சுற்றி விரிசலும் தளர்வும் தோன்றுகின்றனவா என நோக்க வேண்டும். கையுறையணிந்த கையில் நிலைக்காத காம்பு, வேறு எவ்வளவு சிறப்பிருந்தாலும், தள்ளத்தக்கது. வாயின்மேல் அரத்தை ஓட்டிப் பார்ப்பதும் நன்று. அரம் பிடிக்காமல் வழுக்கினால் பதம் அளவுக்கு மீறியது என்றும், மென்மையாகக் குழைந்தால் போதாது என்றும் கொள்ளலாம். அரம் பற்றித் தேய்க்கக்கூடிய வாயே களத்தில் கூர்தீட்டத்தக்க வாய்.

பராமரிப்பு குறித்துச் சுருங்கச் சொன்னால் போதும். தலைக்கு வண்ணம் பூசக்கூடாது. வண்ணம் விரிசலை மறைக்கும். சாணைச் சக்கரத்தில் நீல நிறமேறும் அளவுக்குச் சூடேறினால் வாயின் பதம் இழக்கப்படும். மரக்காம்பை வெயிலில் காயவிடாமல், ஆளிவிதை எண்ணெய் பூசி, கண்ணிலுள்ள ஆப்பு தளர்ந்துள்ளதா எனத் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

தீயணைப்பு, மீட்பு நிலையங்களின் கருவிப் பதிவேடுகளில் கோடரி எண்ணிக்கையால் மட்டும் பதியப்படுமாயின், மரம் வெட்டும் கோடரியும் கதவுக்குரிய கோடரியும் பேருந்துக் கண்ணாடிக்குரிய கோடரியும் ஒரே வரியில் கலந்துவிடும். ஒவ்வொரு கோடரிக்கும் நேரே, பிடரியின் வகை, காம்பு மின்சாரத்தைக் கடத்துமா கடத்தாதா, நெம்பலாமா கூடாதா, உடன் எடுத்துச்செல்ல வேண்டிய கருவி எது என்ற நான்கு குறிப்புகள் எழுதப்படுமாயின், நள்ளிரவில் அழைப்பு வரும்போது வண்டியில் ஏறுபவர் எதைக் கையிலெடுப்பது என்று சிந்தித்து நிற்க வேண்டியிராது. அடுத்த கொள்முதல் பட்டியலும் அக்குறிப்புகளிலிருந்தே எழுதப்படுவது நலம்.