ஓய்வு பெற்ற கைகளுக்கு ஒரு கடிதம்

(மாணவி, பதினொன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

ஆட்டோகிராப் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பெரியோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். ஆண்டு இறுதியில் தோழியரிடம் வண்ணத்தாள் நோட்டை நீட்டி, “என்னை மறவாதே” என்று எழுதி வாங்குவதை மட்டும் பொறுத்துக்கொள்கிறார்கள். நான் இங்கே வாதாட வந்திருப்பது வேறொரு வகைக் கையொப்பத்துக்காக. ஆடுகளத்தை விட்டு விலகி வீட்டில் இருக்கும் பழைய வீரர், வீராங்கனையருக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய கையொப்பத்தைத் தபால் மூலம் பெறுவதற்காக. இது பைத்தியம் அன்று, நல்ல பழக்கம் என்பதே என் கட்சி.

அமெரிக்காவில் இப்பழக்கம் பெரிதும் உண்டு. அங்கே பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பார்கள். ஓய்வு பெற்ற ஆட்டக்காரருக்கு அந்த அட்டையையும், தம் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் அனுப்பினால், பலர் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஹார்மன் கில்லப்ரூ என்று ஒருவர் இருந்தார், 573 ஹோம் ரன் அடித்தவர், 2011-இல் காலமானார். இளம் ஆட்டக்காரர்கள் கிறுக்கலாக ஒப்பமிடுவது அவருக்குப் பிடிக்காது. கேட்டவர் படிக்கும்படி பெயரைத் தெளிவாக எழுதுங்கள் என்று அவர்களுக்குப் பாடமே நடத்துவாராம். (நம் தமிழாசிரியை இதைப் படித்தால் மகிழ்வார்!)

நம் நாட்டிலும் இதற்கொரு இனிய கதை உண்டு. கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்டின் உடன்பிறந்தவரான லட்சுமி, காந்தியடிகளிடம் கையொப்பம் கேட்டுத் தம் நோட்டைக் கொடுத்தார். அடிகள் பக்கங்களைப் புரட்டினார். 1933-34-இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கே ஆட வந்த எம்.சி.சி. அணியினர் பதினாறு பேரின் பெயர்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. அதன் கீழே பதினேழாவது ஆளாகத் தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்! அந்த நோட்டு ஒரு பெண்ணின் நோட்டு என்பதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சரி, யாருக்கு எழுதுவது? நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது சாரட்டு வண்டியில் ஊர்வலம் நடந்தது. 2025 நவம்பர் 2-ஆம் நாள் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது அம்மாபேட்டைத் தெருக்களில் வெடிச் சத்தம் கேட்டது. இவர்களுக்கு நம் கடிதம் இல்லாமலே ஆயிரம் கடிதங்கள் போகும். அவற்றைப் படிக்க அவர்களுக்கு நேரமும் இராது.

சாந்தா ரங்கசாமியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1954-இல் சென்னையில் பிறந்தவர். 1976-இல் இந்தியப் பெண்கள் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டம் ஆடியபோது அணித் தலைவி அவர்தான். அவ்வாண்டு நவம்பரில் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவு அணியை வென்றார்கள். அதுவே நம் பெண்களின் முதல் டெஸ்ட் வெற்றி. அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே. அக்காலத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம் செய்ததையும், பொதுக்கூடத்தில் தரையில் படுத்து உறங்கியதையும் அவரே சொல்லியிருக்கிறார். பாட்னாவில் ஆடிய பெண்கள் தரையில் படுத்திராவிட்டால் நவம்பர் 2 வந்திருக்குமா? அந்தப் பதினொருவரில் ஒருவரிடமாவது நம் வயதுப் பெண் ஒருத்தி, “உங்கள் பெயரை எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறாளா?

ஹாக்கியிலும் இதே கதைதான். 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்த அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வி. பாஸ்கரன். அதற்குப் பின் 2024 பாரிஸ் வரை ஹாக்கியில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் ஒருவராகவே ஐந்து கோல் போட்ட பல்பீர் சிங் 2020-இல் மறைந்தார். மில்கா சிங் 2021-இல் மறைந்தார். அவர்களுக்கு இனி யாரும் கடிதம் எழுத முடியாது. நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகையால் விலாசம் தேடி இணையத்தில் அலைய வேண்டாம்; அந்தந்த விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பில் அனுப்பினால் போதும். திருப்பி அனுப்பும் உறையில் வீட்டு விலாசம் வேண்டாம், பள்ளி விலாசம் இருக்கட்டும். கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். “நீங்கள் சிறந்த வீராங்கனை” என்று எழுதினால் யாருக்கு எழுதியதாகவும் இருக்கலாம். அவர் ஆடிய ஒரு ஆட்டத்தையாவது படித்து, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒப்பமிட ஒரு வெள்ளை அட்டை போதும். ஐந்து அட்டை அனுப்புகிறவளை நான் நம்பமாட்டேன். அவள் நான்கை விற்கப் போகிறாள்.

விற்பனை என்று வந்துவிட்டால் என்னென்ன நடக்கும்! 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. துப்பறியும் துறையினர் கள்ளக் கையொப்பக் கும்பல் ஒன்றைப் பிடித்தார்கள். அவர்களிடம் கிடைத்த சரக்கில், அன்னை தெரசாவின் பெயரைக் கள்ளமாக எழுதிய பேஸ்பால் பந்துகளும் இருந்தன! கல்கத்தாவின் அன்னை பந்தில் கையொப்பமிட்டார் என்று நம்பி வாங்கவும் ஆள் இருந்திருக்கிறார்கள். ஆனால் காந்தியடிகள் தம் கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அரிசன நிதியில் சேர்த்தாரே, அதை நான் விற்பனை என்று சொல்லமாட்டேன். எழுதியவரே கேட்டார், பணம் போன இடமும் எல்லாருக்கும் தெரியும்.

“செல்போனில் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டால் போகிறது, தபால் எதற்கு?” என்கிறாள் என் தோழி. படம் எடுக்க அவர் எதிரில் நாம் நிற்க வேண்டும். தள்ளுமுள்ளில் அவர் நம் முகத்தைக் கூடப் பார்ப்பதில்லை. தபாலில் அப்படியன்று. நம் உறையைப் பிரித்து, நம் கேள்வியைப் படித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி, பேனாவை எடுத்து அவர் எழுத வேண்டும். முதுமையில் கை நடுங்கி எழுத்துக் கோணலாகலாம். அந்தக் கோணல் எனக்கு வேண்டும். நம் அம்மாபேட்டைத் தறியில் நெய்த பட்டுச் சேலையில் நெய்தவர் பெயர் எங்கும் இராது. ஆனாலும் எங்கள் தெருப் பாட்டி நூலின் இழுவையைப் பார்த்தே இது இன்னார் கை என்பாள். கையொப்பமும் அப்படித்தான்.

பதில் வராவிட்டால்? மூன்று மாதம் பொறுத்து இன்னொரு முறை எழுதலாம். மூன்றாம் முறை எழுதக் கூடாது.

எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் கோடை விடுமுறைக்கு முன் எழுதுவதாக இருக்கிறோம். சாந்தா ரங்கசாமிக்கு நான் எழுதுகிறேன். பாட்னாவில் அன்று இரவு எங்கே உறங்கினீர்கள் என்பதே என் கேள்வி. அலுவலக அறையில் தபால் பிரிக்கும் அருட்சகோதரி, எங்கள் உறைகள் வந்தால் விடுமுறையிலும் தனியே எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.