கார் ஷெட்டில் தொங்கும் படகு



போன ஞாயிறு பேத்தியின் காதுகுத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டது வடை பாயசம்; பேசியதெல்லாம் எங்கள் கார் ஷெட்டில் தலைகீழாகத் தொங்கும் படகைப் பற்றி. "அத்தை, ரிட்டயர் ஆனதும் மீன் பிடிக்கப் போறீங்களா?" என்று அண்ணன் மகன் கேட்டான். அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுக் கிண்டலும் ஆரம்பித்துவிட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அந்தப் படகு ஏன் அங்கே தொங்குகிறது என்பதை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு பொன்னேரி பக்கம், ஆரணி ஆற்றுக்குக் கிட்டத்தில், தாழ்வான இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2015 மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது. அது வடிந்ததும் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, பழவேற்காட்டில் பழைய ஃபைபர் வத்தை ஒன்றை வாங்கினோம். 14 அடி நீளம், சுமார் 60 கிலோ எடை. வந்த அன்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். சங்கத்துக்கு அப்போது நான்தான் பொருளாளர்.

பிறகு அதைக் காலி மனையில் தரையில் போட்டோம். நிமிர்த்திய வாக்கில், வானம் பார்க்க. அதற்குள் மழைத்தண்ணீர் தேங்கியது, கொசு வந்தது. வீடு கட்டியவர் யாரோ மீதிச் செங்கல்லை அதற்குள் கொட்டினார். பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். எட்டு வருஷம் தினமும் அதைக் கடந்துதான் கோயிலுக்குப் போனேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு அக்காவுக்கு அன்று டயாலிசிஸ் செய்தாக வேண்டும். "டீச்சர், நம்ம படகு இருக்கே!" என்று இளைஞர்கள் ஓடினார்கள். தண்ணீரில் இழுத்துவிட்ட கொஞ்ச நேரத்தில் அது அமிழ்ந்துவிட்டது. அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். கீழே கிடந்த கருங்கல் முனையில் எட்டு வருஷம் செங்கல் பாரத்தோடு அழுந்திக் கிடந்தால் வேறென்ன ஆகும்?

அக்கா அன்று போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள்தான் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துத் திரும்பி வந்தார். ஆனால் அந்த இரண்டு ராத்திரி அவர் மூச்சுக்குத் திணறியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். படகு வாங்கிய கணக்கில் கையெழுத்துப் போட்டவளும் நானேதான்.

அதனால்தான் சொல்கிறேன். வெள்ளம் வரும் தெருவில் படகு வாங்குவது பாதி வேலை. அதைத் தரையிலிருந்து தூக்கி, கூரைக்குக் கீழே, கைக்கு எட்டும்படி வைப்பதுதான் மீதிப் பாதி. அந்த மீதியைச் செய்யாவிட்டால் முதல் பாதியும் வீண்செலவு. அதைவிட மோசம், "படகு இருக்கிறது" என்ற பொய்யான தைரியத்தையும் அது கொடுத்துவிடுகிறது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. என் மாமனார் குடும்பம் பழவேற்காட்டு ஏரிக்கரை. அவர் அப்பா தன் மரவத்தையை இரண்டு பனந்துண்டுகள் மேல் கவிழ்த்து, கீற்றுக் கொட்டகைக்குள் வைப்பாராம். தரை ஈரமும் கரையானும் அண்டாது, உள்ளே தண்ணீரும் நிற்காது. கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், காய்ந்தது மிதக்கும். ஆங்கிலத்துக்கே 'கட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்த நமக்குப் படகை எப்படி வைப்பது என்பது மட்டும் மறந்துபோய்விட்டது.

கனடாவில் இருக்கும் தம்பி மகன் தன் வீட்டு கராஜில் கேனோ ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறான். அங்கே கோடையில் ஏரியில் துடுப்புப் போட்டு விளையாட, குளிர்காலத்தில் எடுத்து வைக்க. அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. விளையாட்டுக்கு வாங்கிய படகுக்கே இவ்வளவு மரியாதை என்றால், உயிருக்கு வாங்கிய படகுக்கு?

விரிசலைப் பழவேற்காட்டு ஃபைபர் வேலைக்காரர் ஒட்டிக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் மற்றதைச் செய்தான். ஒன்பதாம் வகுப்பில் கப்பிப் பாடத்தின்போது தூங்கியவன். இப்போது எனக்கே பாடம் எடுத்தான்! நிலையான கப்பி விசையின் திசையை மட்டும் மாற்றும், இயங்கும் கப்பி விசையைப் பாதியாக்கும், ஞாபகம் இருக்கிறதா? முனைக்கு 30 கிலோ. இயங்கும் கப்பி போட்டால் 15 கிலோவும் உராய்வுக்குக் கொஞ்சமும் இழுத்தால் போதும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஏற்றி இறக்கலாம். மோட்டார் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளம் வரும் நாளில் கரண்ட் இருக்காது.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். கவிழ்த்துத் தொங்கவிடுங்கள், எலி குடும்பம் நடத்தாது. தாங்கும் பட்டைகள் இரண்டும் முனையிலேயே வேண்டாம், நடுவிலும் வேண்டாம். 14 அடி படகென்றால் இரு முனையிலிருந்தும் சுமார் 3 அடி உள்ளே. அப்படி வைத்தால் படகு நடுவில் தொய்யாது. மெல்லிய கயிறு அறுக்கும். லாரியில் சரக்குக் கட்டும் அகலமான பெல்ட் நல்லது. தகரக் கூரையின் குழாயில் மாட்டாதீர்கள், கான்கிரீட்டில் பதித்த கொக்கியில் மாட்டுங்கள். கயிறு அறுந்தால் பிள்ளைகள் தலையில் விழாமல் இருக்க ஒரு சங்கிலியும் கூடவே இருக்கட்டும். வெயில் படாத இடம் முக்கியம். ஃபைபரையும் வெயில் அரிக்கும். மழை எச்சரிக்கை வந்ததும் முதலில் காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் படகு கார் மேல்தான் இறங்கும்.

லைஃப் ஜாக்கெட்டும் துடுப்பும் படகுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜாக்கெட் இல்லாமல் எங்கள் படகில் யாரும் ஏறக் கூடாது. ஓடும் வெள்ளத்திலும் அதை இறக்க மாட்டோம். தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மட்டும்தான், அதுவும் மின்சாரத்தை நிறுத்தியது உறுதியான பிறகு.

"அரசாங்கம் படகு அனுப்பாதா?" என்கிறார்கள். அனுப்பும். தேசியப் பேரிடர் மீட்புப் படையே அரக்கோணத்தில் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஊர் ஊராக வேலை இருக்கும், சாலையும் துண்டிக்கப்பட்டிருக்கும். முதல் சில மணி நேரம் தெரு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகேற்றி வந்து அத்தனை பேரைக் காப்பாற்றினார்கள். அந்தப் படகுகள் தினமும் ஓடுகிறவை, பழுது பார்க்கப்படுகிறவை. நம்முடையது வருஷக்கணக்கில் சும்மா இருப்பது. அதற்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை.

"எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காகத் தினமும் இடத்தை அடைக்கணுமா?" என்று என் மகனே கேட்டான். நியாயமான கேள்வி. தரையில் கிடந்தால்தான் இடத்தை அடைக்கும், தலைக்கு மேலே இருப்பது எதையும் அடைக்கவில்லை. அதற்குக் கீழேதான் அவன் கார் நிற்கிறது.

இனி ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும் படகை இறக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒழுகினால் சரிசெய்ய, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு மாதம் கையில் இருக்கும். கார் ஷெட் சாவி ஒன்று எங்களிடம், ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம்.

திருவள்ளூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று தாழ்வான தெருக்களில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தெருவில் படகு இருந்தால் இந்த வாரமே போய் அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். தரையில் கிடந்தால் தூக்கி வையுங்கள். வைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், டீச்சர் மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்