சிலிண்டர் வரலைன்னா... ஒரு நாள் ஒத்திகை பாக்கலாமா?

எங்க பெரியப்பா பையன் கீழ்பென்னாத்தூர்ல டிபன் கடை வெச்சிருக்காரு. காலையில இட்லி, பொங்கல், பூரி. சாயங்காலம் போண்டா, பஜ்ஜி. அந்த பூரிக்கு வைக்கிற உருளைக்கிழங்கு மசாலுக்கே தனியா ஒரு பதிவு போடணும். ஆனா இது சாப்பாட்டுப் பதிவு இல்லீங்க, அடுப்புப் பதிவு.

2025 மார்ச் 27-ஆம் தேதி தென் மாநிலங்கள் முழுக்க கேஸ் டேங்கர் லாரிக்காரங்க ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா? நாமக்கல்லைத் தலைமையிடமா வெச்சிருக்கிற சங்கம். எண்ணெய் நிறுவனங்களோட புது டெண்டர் விதிமுறை பிடிக்கலைன்னு வண்டியை நிறுத்திட்டாங்க. சிலிண்டர்ல அடைக்கிற பிளாண்ட்டுக்கு மொத்தமா கேஸ் கொண்டுபோறது இந்த லாரிங்கதான். நல்லவேளை, சில நாள்ல வாபஸ் ஆயிடுச்சு. பிளாண்ட்ல இருப்பு இருந்ததால பல வீடுகளுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. எங்க வீட்டுத் தங்கமணி அந்த வாரம்தான் அதிரசம் சுட்டாங்க :-)

அண்ணனுக்கு மட்டும் தூக்கம் போச்சு. அப்ப ஆரம்பிச்ச யோசனைதான் இது.

கேஸ் சம்பந்தமா நம்ம நாட்டுல ஒத்திகையே இல்லைன்னு சொல்ல வரலை. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2010-லயே இதுக்கு விதிமுறை போட்டிருக்கு. பிளாண்ட், பைப்லைன் எல்லாத்துலயும் மாக் ட்ரில் நடத்தியாகணும். சைரன் ஊதும், தீயணைப்பு வண்டி வரும், ஒருத்தரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடுவாங்க. எல்லாம் கேஸ் கசிஞ்சா, தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு பாக்கிற ஒத்திகை. கேஸே வரலைன்னா என்ன செய்யணும்னு கடைத்தெருவுல யாராவது ஒத்திகை பாத்து நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல.

பிரிட்டன்ல இதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. 1996-ல போட்ட சட்டவிதிப்படி கேஸ் அவசரநிலை ஒருங்கிணைப்பாளர்னு ஒரு பொறுப்பு. வருஷா வருஷம் 'கேஸ் பத்தலை'ன்னு ஒரு கதையைக் கட்டி, மொத்த கேஸ் தொழிலையும் சேத்து ஒத்திகை நடக்கும். நிஜமா வால்வை மூட மாட்டாங்க. பெரிய ஃபேக்டரிங்க நம்பருக்குக் கூப்பிட்டு, நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியுமான்னு பாப்பாங்க. யாரு போனை எடுத்தாங்க, யாரு நம்பர் மாறிப்போச்சுங்கிறதெல்லாம் அப்பதான் வெளிய வரும். முதல்ல பெரிய ஃபேக்டரி, கடைசியிலதான் வீடுன்னு வரிசை இருக்கு. பைப்ல அழுத்தம் போயிட்டா வீடு வீடா ஆள் போய் மூடி, மறுபடி திறக்கணுமே, அந்தப் பயம்.

நம்ம கேஸ் சிலிண்டர்ல வருது. அழுத்தம் ஒரே நேரத்துல விழாது. இன்னைக்கு ஒரு டீக்கடை, நாளைக்கு ஒரு மெஸ், நாளன்னிக்கு ஒரு ஹாஸ்டல்னு ஒவ்வொண்ணா அணையும். அதனாலயே இது அவசரநிலைன்னு யாருக்கும் உறைக்காது. இந்தியா தனக்கு வேணும்கிற எல்பிஜியில பாதிக்கு மேல வெளிநாட்டுல வாங்குது. அதுல பெரும்பகுதி வளைகுடாவுல இருந்து ஹோர்முஸ் ஜலசந்தி வழியா கப்பல்ல வரணும். அங்க அடைச்சா செஞ்சி ரோட்டுல தோசைக்கல்லு ஆறும். 2022-ல இலங்கையில பாத்தோமே, தெருத்தெருவா காலி சிலிண்டர் வரிசை, மூடின பேக்கரிங்க, மறுபடி விறகுக்குப் போன வீடுங்க.

சரி, ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கடையிலயாவது பாக்கலாம்னு, போன ஞாயித்துக்கிழமை அண்ணன் கடையில உக்காந்து "இன்னையில இருந்து அஞ்சு நாள் வண்டி வராது, என்ன பண்ணுவீங்க?"ன்னேன். முதல்ல சிரிச்சாரு. அப்புறம் பேப்பரும் பேனாவும் எடுத்தாரு.

ஒரு பத்தொன்பது கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருதுன்னு அவருக்கே சரியா தெரியல. பில்லையெல்லாம் தேடிக் கூட்டிப் பாத்தா ஒண்ணரை நாள். கையில இருந்தது ரெண்டு. மூணு நாளோட கதை முடிஞ்சுது. ஏஜென்சில தெரிஞ்சவர் நம்பர் பழைய போனோட போச்சு. பின்னாடி விறகு அடுப்பு இருக்குன்னு பெருமையா கூட்டிட்டுப் போனாரு. அதுக்குள்ள கோழி அடை உக்காந்திருக்கு!

அப்புறம் பூரி, போண்டாவை அடிச்சாரு. எண்ணெய்ச் சட்டிதான் கேஸைக் குடிக்குதாம். இட்லி மட்டும் ரெண்டு ஈடு. அப்படிப் பண்ணினா அஞ்சு நாள் தாண்டுது. அரை மணி நேரத்துல கிடைச்ச விடை, ஸ்ட்ரைக் அன்னைக்கு ராத்திரி முழுக்க முழிச்சும் கிடைக்கலைன்னாரு.

கிளம்பறப்ப அவரே ஒண்ணு கேட்டாரு. "என் கடை மூடினா ஜனம் வீட்ல கஞ்சி காய்ச்சிக் குடிச்சிக்கும் தம்பி. ஸ்கூல் புள்ளைங்களுக்கு?" முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. கிராமத்துல பள்ளிக்கூடத்துலயே உப்புமாவும் பொங்கலும் பொங்குறாங்க. வீட்டுக்கு முன்னுரிமை, கடைக்குக் கடைசின்னு பொதுவா சொல்லிடலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், தீபத்துக்கு லட்சக்கணக்குல வர்ற கூட்டத்துக்குப் போடுற அன்னதானம், இதுக்குள்ள யாரு முன்னாடி? ஏஜென்சி வாசல்ல நிக்கிறப்பவா முடிவு பண்றது?

ஒத்திகைன்னு சொன்னாலே ஜனங்க பயந்துபோய் ரெண்டு சிலிண்டர் புக் பண்ணிடும்னு சிலர் சொல்லலாம். நியாயமான பயம்தான். ஆனா 2021-ல ஆக்ஸிஜனுக்கு நாம பட்ட பாட்டுக்கு அப்புறம், 2022 டிசம்பர் 27-ஆம் தேதி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகள்ல ஆக்ஸிஜன் கருவிங்க உட்பட எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தாங்க. 2023 ஏப்ரல்ல மறுபடியும். யாரும் பதறல. அதையே கேஸுக்கு சத்தமில்லாம பண்ணலாம். கலெக்டர் ஆபீஸ், எண்ணெய் நிறுவனம், ஏஜென்சி, ஓட்டல்காரங்க, சத்துணவுக்காரங்க, எல்லாரும் ஒரு நாள் போன்லயே. ஒரு சிலிண்டரையும் நிறுத்த வேணாம். அதுவும் கார்த்திகைக்கு ரெண்டு மாசம் முன்னாடி.

உங்க ஊர் ஓட்டல்கள்ல எத்தனை நாள் தாங்கும்னு கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: அடுப்பை காலி பண்ணியாச்சான்னு நேத்து போன் போட்டேன். குஞ்சு பொரிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் எந்த ஸ்ட்ரைக்கும் வேணாம்னு சொல்லச் சொன்னாரு.