சாளை மணமும் தொட்டி நாற்றமும்

எங்கள் களியக்காவிளையில் இருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர். சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கும் மேலே. படித்து முடித்த பிள்ளைகள் ஒன்று பஸ் ஏறி கழக்கூட்டத்து டெக்னோபார்க்குக்குப் போகும். இல்லையென்றால் குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸைப் பிடித்து சென்னைக்குப் போகும். என் அக்கா மகனுக்கு வாய்த்தது சென்னை. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருஷம் நண்பர்களோடு ஓர் அறையில் கிடந்தான். கல்யாணம் ஆனதும் அடுக்குமாடியில் வீடு தேட ஆரம்பித்தான்.

புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "எங்க வேலை, எவ்வளவு சம்பளம்?" இல்லை. "சார் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

பயல் உண்மையைச் சொன்னான். நான்கு வீடு போச்சு. நேரில் பார்க்கும்போது சிரித்துப் பேசிய வீட்டுக்காரர்கள் எல்லாம் ராத்திரி போன் பண்ணி, "சொந்தக்காரங்களே வர்றாங்க, ஸாரி" என்றார்களாம். ஐந்தாவது வீட்டில் அந்தக் கேள்வி வரவில்லை. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சினான்.

பிறகு அக்கா போனாள். எங்கள் ஊர் அம்மாமார் மகன் வீட்டுக்கு எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஏத்தங்காய் உப்பேரி, மரச்சீனிக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் என்று மூன்று சாக்கு. சென்னையிலேயே சாளை மீன் வாங்கி, மிளகும் வெள்ளைப்பூண்டும் அரைத்துப் பூசி, அந்த எண்ணெயில் பொரித்திருக்கிறாள். மறுநாள் காலையில் கதவிடுக்கில் ஒரு கடிதம். 'தங்கள் வீட்டுச் சமையல் வாசனையால் மற்ற குடியிருப்போருக்கு இடையூறு ஏற்படுவதாகப் புகார் வந்துள்ளது' என்று அசோசியேஷன் முத்திரையோடு. வாட்ஸ்அப் குரூப்பில் அதற்கு முன்பே நாற்பது பேர் மூக்கைப் பொத்திய பொம்மை போட்டிருக்கிறார்கள்.

"மாமா, பிளாட்டுல எப்படி இருக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல்ல" என்று போன் பண்ணினான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பத்து நாள் போய் இருந்து பார்த்தேன். அந்தப் பத்து நாளின் ஆத்திரம்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மீன் வாசனை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை. பிறந்ததில் இருந்து சைவம் சாப்பிட்டவருக்குக் குமட்டும். அது நடிப்பு அல்ல. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு விளை உண்டு. பத்துத் தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு. உங்கள் அடுப்படிப் புகை அயல் வீட்டுக்குப் போவதற்குள் கலைந்துவிடும். இங்கே பத்து வீட்டு அடுக்களைக்கும் ஒரே காற்றுக் குழாய். தரைத்தளத்தில் தாளித்தால் நான்காம் மாடியில் தும்மல். கட்டினவன் செய்த கோளாறு அது. சண்டை போடுவதோ குடியிருப்பவர்கள்.

அதனால் மருமகனிடம் சொன்னேன்: எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பொரி. வாசல் கதவைச் சாத்து, பால்கனிக் கதவைத் திற. மீன் கழுவின தண்ணீரை பால்கனிக் குழாயில் ஊற்றாதே. செதிலையும் குடலையும் காகிதத்தில் பொதிந்து, வண்டி வரும் வரை ஃப்ரீசரில் வை. எதிர் வீட்டுக்காரர் விரத நாளென்று சொன்னால் அன்றைக்குச் சாம்பார் வை, குறைந்துபோக மாட்டாய். இதெல்லாம் மரியாதை. மரியாதையைக் கேட்கலாம். ஆனால் 'நீ என்ன தின்பாய் என்று சொல், வீடு உண்டா என்று சொல்கிறேன்' என்பது மரியாதை கேட்பது அல்ல. அதற்கு வேறு பேர்.

இப்போது ஒருவர் சட்டப் புத்தகத்தோடு எழுந்து நிற்பார். 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்பார். ஆமாம், சொல்லியிருக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று, பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று விதி வைத்திருந்தது. அது செல்லும் என்றது தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கின் கேள்வி, கூட்டுறவுச் சங்கத்தில் யார் உறுப்பினர் ஆகலாம் என்பது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஊருக்கெல்லாம் பிளாட் விற்ற இடத்தில், வாடகைக்கு வந்தவன் அடுப்பில் எது வேக வேண்டும் என்று செயலாளர் முடிவு செய்யலாமா என்பது அந்த வழக்கின் கேள்வியே அல்ல.

சரி, மீனை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அந்தக் குடியிருப்பில் நீச்சல் குளம் உண்டு, ஜிம் உண்டு, குழந்தைகளுக்கு ஊஞ்சல் உண்டு. லிஃப்ட் வாசலில் ஒரு காகிதமும் உண்டு. 'வீட்டு வேலை செய்பவர்கள், டெலிவரி ஊழியர்கள் பின்பக்க லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்.' நான் வேட்டி கட்டிக்கொண்டு துணிப்பையோடு நின்றேன். செக்யூரிட்டி ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த லிஃப்டுக்கு என்னை அனுப்புவது என்று அவருக்குக் குழப்பம். அவரைக் குறை சொல்லி என்ன? பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறார். உட்கார ஒரு நாற்காலி இல்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-ல் சட்டமாக்கியது. கோடி ரூபாய் பிளாட்டின் வாசலுக்கு அந்த யோசனை இன்னும் வந்து சேரவில்லை.

நான் பிறந்த மண் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. எந்த ஜாதிக்காரன் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்த வழியில் நடக்கக் கூடாது என்று கணக்கு வைத்திருந்த ராஜ்ஜியம் அது. கோயில் வாசலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனம் 1936 நவம்பர் 12-ல்தான் வந்தது. ஆகையால், எங்கள் ஊர் யோக்கியம், பட்டணம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரின் பழைய கணக்கு எனக்குத் தெரியும். அதனால்தான் லிஃப்ட் வாசலில் ஒட்டியிருந்ததைப் படித்ததுமே இன்னதென்று தெரிந்தது. அடிக்கணக்கு போய் மாடிக்கணக்கு வந்திருக்கிறது.

ஏழாம் நாள் காலை. நடைப்பயிற்சிக்காகப் பின்பக்கம் போனேன். ஒரு கழிவுநீர் லாரி நின்றது. தரையில் இரும்பு மூடி திறந்து கிடந்தது. லாரிக் குழாய் உள்ளே போய் எதிலோ அடைத்துக்கொண்டது போல. இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பையன், முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஏணியில் இடுப்பளவு இறங்கி நிற்கிறான். கையுறை இல்லை. இடுப்பில் கயிறு இல்லை. "எலேய், மேலே ஏறு!" என்று கத்தினேன். ஊர்ப் பாஷைதான் வந்தது. பையன் பயந்துபோய் ஏறிவிட்டான். மேஸ்திரி, "பெரியவரே, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், காப்பி கொடுத்தார். "காண்ட்ராக்ட் விட்டிருக்கோம் சார். அது அவங்க பொறுப்பு" என்றார்.

மீன் வாசனை யாருடைய பொறுப்பு என்பதைக் கடிதம் போட்டுச் சொன்ன சங்கம் இது.

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கழிவு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவைத் தொட்டால் நாற்றமே தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். மூடியே கிடந்த தொட்டியில் பிராணவாயுவும் குறைவு. மேலே நிற்பவன், ஐயோ என்று காப்பாற்ற இறங்குவான். அவனும் சாய்வான். செய்தித்தாளில் 'கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூவர் பலி' என்று வருகிறதே, அதில் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் பெரும்பாலும் இப்படிப் போனவர்கள்தான். கைக்குட்டை தூசியைத் தடுக்கலாம். வாயுவைத் தடுக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் தனி ஆளையும் சொல்கிறது, நிறுவனத்தையும் சொல்கிறது, நேரடியாக அமர்த்தினாலும் மறைமுகமாக அமர்த்தினாலும் தவறு என்கிறது. 'காண்ட்ராக்ட் விட்டாச்சு' என்று கை கழுவ அங்கே இடம் இல்லை. சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. இந்தச் சாவுகளின் கணக்கில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. எதில் எதிலோ முன்னணி என்று மார் தட்டுகிறோம். இதையும் சேர்த்துத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, மருமகன் கேட்ட யோசனைகள். சென்னையோ கொச்சியோ பெங்களூரோ, பெரிய ஊரில் பிளாட்டுக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சங்கத்தின் விதிகளை எழுத்தில் கேள். எழுத்தில் இல்லாததை வாயால் சொன்னால், "எந்த விதி, எந்தப் பக்கம்?" என்று பணிவாகத் திருப்பிக் கேள். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பத்து மாசம் கொடுத்த பின்பு என்னிடம் கேட்டாய், என்ன செய்ய! சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இதை ஓர்மையில் வைத்துக்கொள்.

மே மாசம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீரை நம்பின பிளாட்டுகள் அன்றைக்குப் பட்ட பாட்டைக் குடியிருந்தவர்களிடம் விசாரி. டிசம்பரில் பேஸ்மென்டில் தண்ணீர் நிற்குமா என்றும் கேள். 2015-ம் 2023-ம் அதற்குச் சாட்சி.

அடுத்து, ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேள். இந்தத் தண்ணீர் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது? மாநகராட்சிப் பாதாளச் சாக்கடைக்கா, உள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா, தொட்டியா? தொட்டி என்றால் யார் சுத்தம் செய்கிறார்கள்? அந்த லாரிக்கு லைசென்ஸ் உண்டா? எந்திரத்தால் முடியாத அடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் 14420 என்ற உதவி எண்ணை எழுதிக் கொடு. கழிவுநீர்த் தொட்டியை ஆளை இறக்காமல் சுத்தம் செய்யத்தான் அந்த எண்.

கடைசியாக, வேலைக்கு வருகிற பெண்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று பார். ஐந்து வீட்டுக் கழிப்பறையைக் கழுவுகிறவருக்குப் போக ஒன்றுகூட இல்லாத இடம் என்றால், அங்கே நீச்சல் குளம் எத்தனை நீளம் இருந்து என்ன?

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். மருமகன் தைரியசாலி. அந்தத் தாளை அப்படியே சங்கத்துக்கு மனுவாகக் கொடுத்துவிட்டான். வாடகைக்காரனுக்கு ஓட்டு கிடையாது என்றாலும் மாசக் கூட்டத்தில் உட்கார அனுமதித்தார்கள். நிகழ்ச்சிநிரலில் இரண்டாவதாக 'சமையல் வாசனை'. ஒன்பதாவதாக 'தொட்டி பராமரிப்பு'. வாசனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்களாம். ஆறாவது விஷயத்தோடு நேரம் முடிந்து சமோசா வந்துவிட்டது.

அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்க சாளை அவியளுக்கு மூணு மாடி தாண்டி மணந்துதே மக்களே. அந்தப் பிள்ள நின்ன குழி, காலுக்கு அடியிலதானே இருக்கு? அது ஒருத்தருக்கும் மணக்கல்லியா?"

அடுத்த கூட்டம் வரும் மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை. தொட்டியை முதல் விஷயமாக வையுங்கள் என்று மருமகன் மறுபடி மனு கொடுத்திருக்கிறான். நீங்களும் ஏதோ ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பீர்கள். உங்கள் கூட்டத்தில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். இல்லவே இல்லை என்றால், எழுதிக் கொடுங்கள்.