நல்ல ஒயிலை யாரும் பறிக்கவில்லை

கலைப்பீடத்தில் படிக்கிற ஒருத்திக்கு போர்ஷே காரின் எஞ்சின் ஒயிலில் என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். என்னிடம் கார் இல்லை, லைசன்சும் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒயிலுக்காகப் பிடிக்கிற சண்டைகளை விரும்பி வாசிப்பேன், குறிப்பாக அசைன்மென்ட் எழுதவேண்டிய இரவுகளில். அந்தச் சண்டைகளில் எந்த நாட்டுக்காரர் பேசினாலும் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்ப வரும். எங்கட தமிழில் சொன்னால் இப்படி: "முந்தின ஒயில்தான் ஒயில். சூழல், சூழல் எண்டு சொல்லி அதைப் பறிச்சுப் போட்டாங்கள். இப்ப எங்கட எஞ்சின் தேயுது."

இதில் பாதி உண்மை. மற்றப் பாதி, ரின்னின் பின்பக்கத்தை வாசிக்காமல் பேசுகிற பேச்சு.

முதலில் உண்மையான பாதி. போர்ஷே 911 ஐ எடுத்துக்கொள்வோம். 1963 இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் அதை 901 என்ற பெயரில்தான் காட்டினார்கள். நடுவில் சைபர் வருகிற மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பேஜோ நிறுவனம் பிரச்சினை எடுத்ததால் 911 ஆனது. அன்றிலிருந்து 1998 வரைக்கும் அந்த வரிசையில் காற்றால் குளிரவைக்கும் எஞ்சின் இருந்தது. ரேடியேட்டரும் இல்லை, தண்ணியும் இல்லை. ஒரு பெரிய விசிறி காற்றடிக்கும், மிச்சச் சூட்டை ஒயில் சுமந்துகொண்டு போகவேண்டும். சின்னக் குடும்பக் கார் ஒன்றுக்கு 3, 4 லீற்றர் ஒயில் போதும் என்றால், இதற்கு 10 லீற்றர் அளவில் தேவைப்படுவது அதனால்தான். அந்த ஒயில் எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்காமல் தனித் தாங்கி ஒன்றில் இருக்கும். அளவு பார்ப்பதும் எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். நிப்பாட்டி, ஆறவிட்டுப் பார்த்தால் கம்பி பொய் சொல்லும்.

ஆனால் சண்டை சூட்டைப் பற்றியது இல்லை, தேய்மானத்தைப் பற்றியது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் காம் ஷாஃப்டைத் தொடுகிற பாகத்தில் சின்ன ரோலர் ஒன்று இருக்கும். காம் சுற்ற அதுவும் உருளும். பழைய 911 இல் ரொக்கரின் முகம் காமின் மேல் நேரடியாக வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சின்ன இடத்தில் விழுகிற அழுத்தத்தில் ஒயில் படலமே நசிந்து போய், உலோகமும் உலோகமும் முட்டப் பார்க்கும். அங்கேதான் ஒயிலில் கலந்திருக்கிற ஒரு சேர்மம் வேலை செய்கிறது. முழுப்பெயர் வாயில் நுழையாது, இசட்.டி.டி.பி. என்பார்கள். கராஜில் கேட்டால் சும்மா 'சிங்க்' என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் நாகம் என்று படித்த அதே சாமான், கூடவே பொஸ்பரசும் கந்தகமும். சூடும் அழுத்தமும் வரும்போது இது உடைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படை ஒன்றைப் போடும். பிறகு தேய்வது அந்தப் படைதான், காம் தப்பிக்கொள்ளும். 1940களில் இருந்தே ஒயிலில் கலக்கிறார்கள். எனக்குத் தெரிந்து தேய்ந்து போவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் குறைவு, இது அதில் ஒன்று.

பிரச்சினை பொஸ்பரசில் வந்தது. எந்த எஞ்சினும் கொஞ்சம் ஒயிலை எரிக்கத்தான் செய்யும். அந்தப் புகையோடு போகிற பொஸ்பரஸ், சைலன்சர் பக்கம் இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரில் படிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்யும். நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காக 1975 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் பரவலாகப் பொருத்தப்பட்ட கருவி அது. ஆகவே ஒயிலில் இருக்கக்கூடிய பொஸ்பரசுக்கு உச்சவரம்பு வைத்தார்கள், பிறகு படிப்படியாக இறக்கினார்கள். 1990களின் நடுப்பகுதியில் 0.10 வீதம். 2004 இல் ஏ.பி.ஐ. எஸ்.எம். என்ற தரம் வந்தபோது 0.08 வீதம். முறைப்பாட்டுக்காரர்கள் காட்டுவது இந்த இறக்கத்தைத்தான். கணக்குப் பிழையில்லை.

அவர்கள் சொல்லாமல் விடுவது அடுத்த வரியை. அந்த உச்சவரம்பு எல்லா ஒயிலுக்கும் இல்லை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 ஆகிய மெல்லிய ரகங்களுக்குத்தான். 15டபிள்யூ-40 உம் 20டபிள்யூ-50 உம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதாவது பழைய 911 க்கு எந்தத் தடிப்பு ஒயில் தேவையோ, அதற்குக் கதவு திறந்துதான் இருந்தது. போர்ஷே நிறுவனமே தன் பழைய காற்று எஞ்சின்களுக்கென்று 20டபிள்யூ-50 உம் 10டபிள்யூ-60 உம் விற்கிறது. பறிபோனது என்று அழுகிற பொருள் அலுமாரியில் இருக்கிறது.

விதி போட்டவர்களில் குறை காண எனக்கு மனமில்லை. கோடிக்கணக்கான சாதாரணக் கார்களின் புகையை எல்லோரும் சுவாசிக்கவேண்டியிருக்கிறது. வார இறுதியில் வெளியே எடுக்கிற கார் ஒன்றின் காமுக்காக அதை மறந்துவிடச் சொல்வது எப்படி நியாயம்? விதிவிலக்கு தேவைப்படுகிறவர் அதைத் தேடி வாசிக்கட்டும். இந்தளவு விலையுள்ள காரை வைத்திருப்பவருக்கு அது ஒரு சுமையே இல்லை.

வாசிப்பது என்றால் எதை? முதலில் அந்த 'டபிள்யூ'. அது 'வெயிட்' இல்லை, 'வின்டர்', குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கிற இலக்கம் குளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஒயிலை மறை 15 பாகை செல்சியசிலும் 10டபிள்யூ ஒயிலை மறை 25 இலும் வைத்து, எஞ்சினைச் சுற்றவிடுமா என்று பார்ப்பார்கள். பின்னால் இருக்கிற இலக்கம் 100 பாகையில் மிச்சமிருக்கிற தடிப்பு. பனி விழும்போது காரை மூடிவைக்கிற ஜேர்மன்காரருக்கு முன் இலக்கம் 20 ஆக இருப்பதில் பெரிய நட்டமில்லை. பின் இலக்கம்தான் அவருடைய தலைவலி, ஏனென்றால் மலைப்பாதையில் விரட்டும்போது காற்று எஞ்சினின் ஒயில் தண்ணி எஞ்சினில் இருப்பதைவிட அதிகம் கொதிக்கும். அப்போது 30 காணாது.

அதற்காகத் தடிப்பே நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். 'டோக்கியோ ட்ரிஃப்ட்' படத்தில் ஹான் ஓட்டுகிற அந்த மஸ்தா ஆர்.எக்ஸ்-7 ஐ நினைத்துப் பாருங்கள். அதற்குள் பிஸ்டனே இல்லை, முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. ரோட்டரின் ஓரங்களை நனைக்க ஒரு சின்னப் பம்ப் வேண்டுமென்றே ஒயிலை எரியறைக்குள் விடும். அங்கே ஒயில் எரிந்துபோகத்தான் வேண்டும், கரி படியாமல் எரியவும் வேண்டும். இரண்டுமே பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். ஆனால் 911 காரனுக்குச் சரியான அறிவுரை ஆர்.எக்ஸ்-7 காரனுக்கு உதவாது. "பழைய காருக்கு இதுதான் மச்சான் பெஸ்ட்" என்று பொதுவாகச் சொல்கிற யூரியூப் அண்ணாமாரை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

விலையும் வழி காட்டாது. முழு சிந்தெற்றிக் ஒயில் சூட்டைக் கூடத் தாங்கும், உண்மை. அதை ஊற்றினால் பழைய எஞ்சின் ஒழுகும் என்ற பயத்தில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்: ஒழுகுகிற இடத்தை இவ்வளவு காலமும் அழுக்குத்தான் அடைத்து வைத்திருந்தது என்றால், நல்ல ஒயில் அந்த அழுக்கைக் கழுவிவிடும். சீல் ஏற்கனவே போய்விட்டது. தனிப் போத்தலில் விற்கிற 'சிங்க்' மருந்தை வாங்கி ஊற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒயில் என்பது சேர்மானங்களின் ஒரு சமநிலை. கழுவுகிற சேர்மமும் நாகமும் ஒரே உலோகப் பரப்புக்குத்தான் போட்டி போடுகின்றன. கறியில் உப்புக் காணாது என்று கை நிறைய அள்ளிப் போடுகிற மாதிரித்தான் இது.

இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாப் பணக்காரர் கதை என்று தோன்றலாம். யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர் விலையில் 911 இன் கால்தூசுக்கும் வராதுதான். ஆனால் அதன் எஞ்சினிலும் காமின் மேல் வழுக்குகிற தட்டை முகம்தான், ரோலர் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், கம்பியில் அளவு கூடும். கம்பியை இழுத்து மணந்து, விரலுக்கிடையில் உரசிப் பார்த்தாலே ஒயில் செத்துப் போனதைச் சொல்கிற ஆட்கள் அப்படித்தான் உருவானார்கள். அந்தக் கைகளில் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் 0.08 இற்கும் 0.12 இற்கும் உள்ள வித்தியாசம் எந்த விரலுக்கும் பிடிபடாது. அதற்கு ரின்னின் பின்பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தும், கம்பனி வெளியிடுகிற தரவுத்தாளும்தான் வேண்டும். எங்கட கராஜ்களில் ஒயில் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்த்து விலை கேட்கிறோம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

இன்னொன்று, சண்டைகளில் அநேகமாக யாரும் தொடாதது. அதிகம் ஓடாத காரிலும் ஒயில் பழுதாகும். ஈரமும் அமிலமும் சேரும். அதனால் கிலோமீற்றரைப் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். 911 என்றால் ஒரு தடவைக்குப் பத்து லீற்றரளவு கழிவு, நாகமும் பொஸ்பரசும் கூடின ரகம். அதை எங்கே கொடுப்பது என்பதையும் புது ஒயில் வாங்கும்போதே கேட்டு வைக்கவேண்டும். எங்கட ஊரில் கழிவு ஒயிலைக் கறையானுக்கென்று வேலிக் கட்டைக்குப் பூசுவார்கள், மிச்சத்தை மண்ணிலேயே ஊற்றிவிடுவார்கள். கீழே சுண்ணாம்புக் கல், அதன் ஓட்டைகளுக்குள்தான் எங்கள் குடிதண்ணீர். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை.