துறைமுகத்து ஓட்டலில் இரண்டு இரவுகள்

 

செஞ்சிக்காரனுக்குக் கோட்டை தெரியும், பாறை தெரியும்; கப்பல் தெரியாது. அத்தகைய நான் 2018-ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்தை நோக்கி நிற்கும் கிராண்ட் ஓரியண்டல் ஓட்டலில் இரண்டு இரவுகள் தங்கினேன். மதரஸா ஆசிரியனின் ஊதியத்திற்கு அடங்கும் இடமன்று. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கொழும்பில் வாணிபம் செய்கிறார். “ஹஜ்ரத் இங்கேதான் தங்க வேண்டும்” என்று அவர் பிடித்த பிடிவாதமே காரணம்.

1837-இல் பட்டாளத்தாருக்காக எழுப்பிய கட்டடம், 1875 நவம்பரில் ஓட்டலாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கிழக்கே வரும் கப்பல்கள் பெருகிவிட்டன. ஓட்டல் திறந்த மறுமாதமே கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினர். கப்பலை விட்டு இறங்கியவர் வண்டி தேடாமல் நடந்தே ஓட்டலுக்குள் நுழையலாம். நான்காம் மாடி உணவுக்கூடத்தில் அமர்ந்தால் துறைமுகம் முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. தேநீர் ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்திருந்தேன்.

ருஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1890-இல் சாகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் இங்கே சில நாள் தங்கினார். இலங்கையைச் சுவர்க்கம் என்றே கடிதத்தில் குறிப்பிட்டார். வரும் வழியில் கப்பலில் இறந்த இருவரைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டதைக் கண்டவர் அவர்; நோயாளிச் சிப்பாய் ஒருவன் அவ்வாறே கடலில் அடங்கும் ‘குசெவ்’ என்னும் கதையும் அப்பயணத்தில் பிறந்ததுதான். அவர் பெயர் சூட்டிய அறையை ஊழியர் பெருமிதத்தோடு எனக்குக் காட்டினார்.

அந்த அறைவாசலில் நின்றபோது என் பாட்டனாரின் நினைவு வந்தது. அவரும் கொழும்பில் தங்கியவரே. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, புறக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதினார். கடையின் மாடியில் ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. ஓட்டல் கால்மணி நடைத் தொலைவுதான். அதன் படியை அவர் மிதித்திருப்பாரென்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஜ்ருக்கு அவர் தொழுத ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிக்கு நடந்தேன். சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடிட்ட அப்பள்ளி 1909-இல் நிறைவுற்றது. சம்மான்கோட்டுப் பள்ளி என்பது மக்கள் வழக்கு. தமிழகக் கரையிலிருந்து சென்ற வணிகர் கட்டியது. வரும் கப்பலோட்டிகள் அதன் குவிமாடங்களைக் கண்டு கொழும்பை அறிவர் எனப் பெரியோர் சொல்வதுண்டு. எத்தனை கணக்குப்பிள்ளைமார் அந்த ஸஃப்புகளில் நின்றிருப்பார்களோ!

தொழுதபின் மையவாடிக்குச் சென்றோம். காவலிருந்த முதியவர் கனிவானவர். “எந்த வருஷம் மவுத்தானாங்க?” என்றார். 1951 என்றேன். “இந்தியக்காரங்க எங்கேயும் இருப்பாங்க ஹஜ்ரத். இங்கேயா, வேற மையவாடியிலேயா, யாரு சொல்ல முடியும்?” என்று கூறிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கப்றுகளின்மேல் பெயர் பொறிப்பதை நாமும் விரும்புவதில்லை. அதில் எனக்குக் குறையுமில்லை. ஆயினும் கால்கள் நகர மறுத்தன. கப்றுவாசிகள் அனைவருக்கும் ஸலாம் சொல்லி, யாசீன் ஓதினேன்.

அவர் மறைந்தபோது என் அத்தாவுக்கு வயது பதினொன்று. உடன் வேலை செய்தவர் எழுதிய கடிதம் இன்றும் எங்கள் வீட்டில் உள்ளது. எத்தனை நாள் காய்ச்சல், குளிப்பாட்டியவர் யார், கஃபன் துணிக்கு எவ்வளவு, கடன் தீர்த்தது போக மீதி எவ்வளவு, டிரங்குப் பெட்டி யாரிடம் கொடுத்தனுப்பப்படுகிறது என அத்தனையும் அதில் உண்டு. அடக்கிய இடம் மட்டும் இல்லை.